கையைக் கட்டிக்கொண்டு ஒரு காப்புரிமை

போன மாதம் எங்கள் பழைய அலுவலகத்திலிருந்து இரண்டு இளைஞர்கள் மந்தைவெளியில் என் வீட்டைத் தேடிப்பிடித்து வந்தார்கள். காப்பி குடிக்கும் வரை மரியாதையாக உடம்பு விசாரித்துவிட்டு, ஒரு கத்தைப் படங்களை எடுத்து மேசைமேல் பரப்பினார்கள். யாரோ ஒருவர் மிக்ஸிக்குப் புது மாதிரி மூடி கண்டுபிடித்திருக்கிறார். அதை மேலிருந்து பார்த்த படம், கீழிருந்து பார்த்த படம், திறந்த படம், பாதி திறந்த படம். கல்யாணப் பெண்ணைக்கூட இத்தனை கோணத்தில் யாரும் படம் எடுக்கமாட்டார்கள்.

"செலவைச் சொன்னதும் அவர் எழுந்து போயிட்டாரு மேடம். சேஷாத்ரி சார் அந்தக் காலத்துல பட்டறைக்காரங்களுக்கெல்லாம் பேட்டன்ட் வாங்கிக் கொடுத்தாராமே, எப்படி?" என்றான் பெரியவன்.

நான் பதிலுக்கு ஒரு படத்தின் மேல் உள்ளங்கையை வைத்து மூடி, "இது இல்லாவிட்டால்?" என்று கேட்டேன். இரண்டு பேரும் திருதிருவென்று விழித்தார்கள். அந்த விழிப்பு எனக்கு நன்றாகத் தெரியும். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் விழித்தேன்.

நான் டிரேசர். அதாவது, டிராஃப்ட்ஸ்மேன் பென்சிலால் போட்ட படத்தின்மேல் மெழுகுத்துணி போல மொடமொடவென்றிருக்கும் டிரேசிங் துணியை விரித்து, சாக்பொடி தடவித் துடைத்து, கறுப்பு மசியால் கோட்டின்மேல் கோடு இழுக்கிறவள். அப்பா டிராஃப்ட்ஸ்மேனாக இருந்தார். அவருக்குக் கை நடுங்கத் தொடங்கியபோது அவர் வீட்டுக்குக் கொண்டுவந்த வேலையை நான் செய்தேன். தொழிலுக்கென்று படித்த படிப்பு அவ்வளவுதான். அப்பா போனபின், அவருக்குத் தெரிந்த வக்கீல் ஒருவர், "லஸ்ஸில் சேஷாத்ரிக்கு நல்ல கை ஒன்று வேண்டுமாம்" என்று சொல்லி அனுப்பினார். யுத்தம் நடந்துகொண்டிருந்த சமயம். பெண்பிள்ளை எப்படி ஆபீசுக்குப் போவது என்று கேட்ட உறவுக்காரர்கள் யாரும் அரிசி வாங்கித் தரவில்லை. நான் போனேன்.

ஒரு மருந்துக் கடைக்கு மேலே மாடியில் அலுவலகம். சேஷாத்ரி சார் வக்கீலுக்குப் படித்துவிட்டு, கோர்ட்டில் கத்தப் பிடிக்காமல் காப்புரிமை வேலைக்கு வந்தவர். ஒல்லியான ஆள். அல்பாக்கா கம்பளிக் கோட்டு, அதற்கு மேலே அங்கவஸ்திரம். அப்போது விண்ணப்பமெல்லாம் கல்கத்தாவுக்குப் போகவேண்டும். முதலில் கண்டுபிடிப்பு இன்னது என்று சுருக்கமாக ஒரு விவரம் எழுதி அனுப்பி முதலில் கேட்டவர் என்ற இடத்தைப் பிடித்துக்கொள்ளலாம். சில மாதத்துக்குள் படத்தோடு முழு விவரம் கொடுக்க வேண்டும். அங்கே அதிகாரிக்குச் சந்தேகம் வந்தால் கேள்வி கேட்டு எழுதுவார். பதில் எழுதினால் அதற்கொரு கேள்வி. படத்தைத் திருத்தச் சொன்னால் துணி, மசி, கூலி எல்லாம் மறுபடியும் முதலிலிருந்து. சர்க்காருக்குக் கட்டும் கட்டணம் ஒன்றும் ஆளை விழுங்காது. போய்வரும் தபால்தான் விழுங்கும்.

முதல் நாள் என் கைத்திறமையைக் காட்ட, ஒரு தண்ணீர்ப் பம்பின் படத்தை வெகு அழகாக டிரேஸ் பண்ணிக் கொடுத்தேன். அவர் நான் போட்ட கோடுகளைப் பார்க்கவே இல்லை. படத்தின் ஒரு பகுதியை உள்ளங்கையால் மூடினார். "அம்மா மரகதம், இது இல்லாட்டா பம்பு பம்பா இருக்குமோ?"

"இருக்கும் சார்."

கையை நகர்த்தி இன்னொரு பகுதியை மூடினார். "இது இல்லாட்டா?"

"இருக்கும்."

இப்படியே மூடிக்கொண்டு போய், கடைசியில் ஒரு சின்ன வால்வின்மேல் கை வந்தபோது, "இருக்காது சார்" என்றேன்.

"அப்போ அதை மட்டும் போடு. மத்ததுக்கெல்லாம் அவர் எதுக்குக் காசு குடுக்கணும்?"

எனக்கு ரோஷமாக வந்தது. அழகாகப் போட்ட கோட்டை அழகு என்று சொன்னால் என்ன குறைந்துவிடும்? ஆனால் அன்று சாயங்காலம் டிராமில் வீடு திரும்பும்போது, பம்பு முழுவதும் மறைந்து அந்த வால்வு மட்டும் என் கண்ணில் நின்றது. அதைச் செய்தவனின் மூளை இருந்த இடம் அதுதான் என்று புரிந்தது. அப்புறம் கோபம் இல்லை.

அவருக்கு இன்னொரு பழக்கம் உண்டு. வருகிறவர் நாற்காலியில் உட்கார்ந்து கண்டுபிடிப்பைச் சொல்ல ஆரம்பித்ததும், கை காற்றில் பறக்கும். இப்படித் திரும்பும், அப்படி மடங்கும், டக்கென்று விழும் என்று பத்து விரலும் நாடகம் போடும். சார் ஒரு நிமிஷம் பார்ப்பார். பிறகு மெல்லச் சொல்வார்: "கையைக் கட்டிண்டு சொல்லுங்கோ." கை இல்லாமல் சொல்ல முடிந்ததை எழுத்தில் எழுதிவிடலாம், அதற்குப் படம் வேண்டாம். கை இருந்தால்தான் சொல்ல முடியும் என்கிற இடத்துக்கு மட்டும் படம். கண்டுபிடிப்பைக் கண்டுபிடிக்கும் வழி அது.

கோட்டுப் போட்ட கனவான்கள் சிரித்துக்கொண்டே பள்ளிக்கூடப் பிள்ளைபோலக் கையைக் கட்டுவார்கள். தி. நகரிலிருந்து தேங்காய் துருவும் இயந்திரத்தோடு வந்த ஒரு பெரியவர் அப்படிக் கட்டிக்கொண்டு பாதி சொல்லிவிட்டு நின்றார். கண்ணை மூடி யோசித்தார். "சார், ஒரு கையால மூடியைப் பிடிக்கணும், ஒரு கையால சுத்தணும், இன்னொரு கையால தள்ளணும். எனக்கு மூணாவது கை வேணும் போலிருக்கே!" என்று தானே சிரித்தார். அதுவரை அந்த வேலையை அவர் வீட்டம்மாள் பக்கத்தில் நின்று செய்திருக்கிறார். விண்ணப்பமே போடாமல் வீட்டுக்குப் போனார். அதைவிடச் செலவைக் குறைக்க யாராலும் முடியாது.

இதெல்லாம் சின்ன விஷயம். காதர் பாய் வந்ததைச் சொல்லவேண்டும்.

யுத்தம் முடிந்தும் ரேஷன் முடியாத காலம் அது. ரேஷன் அரிசி என்றால் இப்போதுள்ளவர்களுக்குத் தெரியாது. அரிசிக்குள் கல் இருக்கும் என்பதைவிட, கல்லுக்குள் அரிசி இருக்கும் என்று சொல்லலாம். வீட்டுக்கு வீடு பல்வலி. காதர் பாய் திருவல்லிக்கேணியில் பெரிய பள்ளிவாசலுக்குப் பின்னாலுள்ள சந்தில் தகரப் பட்டறை வைத்திருந்தவர். விளக்கு, புனல், எண்ணெய் டின் எல்லாம் செய்வார். கட்டை குட்டையான ஆள், கையெல்லாம் சூட்டுத் தழும்பு. கோணியில் சுற்றிய ஒன்றைத் தோளில் வைத்து மாடியேறி வந்து, சார் மேசையிலேயே இறக்கினார்.

"சல்லடை மெஷின் சார்" என்றார்.

சாய்வாக நிற்கும் ஒரு தகரத் தட்டு. அதன்மேல் குறுக்குக் குறுக்காக வரி வரியாய் மேடு. பக்கத்தில் ஒரு கைப்பிடி. பையிலிருந்து ரேஷன் அரிசியைக் கொட்டிக் கைப்பிடியைச் சுற்றினார். தட்டு நடுங்கியது. நான் மசிப் பேனாவைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்தேன்.

அரிசி சரிவில் கீழே இறங்கி வந்தது. அதில் ஒன்றும் அதிசயமில்லை. ஆனால் கல் மேலே ஏறியது. ஆமாம், ஏறியது. கறுப்புக் கல்லும் வெள்ளைக் கல்லும் அரிசிக் கூட்டத்திலிருந்து பிரிந்து, ஒவ்வொரு வரியாகத் தாண்டி, படியேறும் எறும்பு மாதிரி சரிவில் மேல்நோக்கிப் போய், உச்சியிலிருந்த குழியில் டக் டக்கென்று விழுந்தது. கனமான பொருள் மேட்டில் ஏறுவதை என் கண்ணால் பார்த்தேன். உடம்பு சிலிர்த்துவிட்டது.

சார் எழுந்து நின்றுவிட்டார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார். "கல் ஏறறதே! இன்னொரு தரம் சுத்துங்கோ பாய்" என்றார். குழந்தைபோல மறுபடியும் மறுபடியும் சுற்றச் சொன்னார்.

பிறகு காதர் பாய் தன் சங்கடத்தைச் சொன்னார். தி. நகரில் ஒரு பாத்திரக் கடைக்காரர் இந்த மெஷினை மெஸ்களுக்கும் ஓட்டல்களுக்கும் விற்க ஏராளமாகக் கேட்டிருக்கிறார். அடுத்த வெள்ளிக்கிழமை கடை வாசலில் வைத்து ஊருக்குச் சுற்றிக் காட்டப்போகிறாராம். ஊர் பார்த்த பிறகு அது புதுசு இல்லை, காப்புரிமை கிடைக்காது, கண்டவர்களும் செய்துகொள்ளலாம் என்று யாரோ பாயிடம் சொல்லியிருக்கிறார்கள். அது உண்மைதான். ஏற்கெனவே வேறொரு ஏஜெண்டிடம் போயிருக்கிறார். தட்டுக்கு ஒன்று, கைப்பிடிக்கு ஒன்று, அடியிலுள்ள சுருள்வில்லுக்கு ஒன்று என்று தனித்தனி விண்ணப்பம், ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டுப் படம் என்று கணக்குப் போட்டு, மாதிரிக்குச் சில படமும் வரைந்து கொடுத்திருக்கிறார் அந்த ஆள்.

"அவ்ளோ துட்டுக்கு நான் தகரம் வளைக்கிற மெஷினத்தான் விக்கணும் சார். அத வித்துட்டு பேட்டன்ட் வாங்கினா, இத எத்த வச்சி செய்யிறது?" என்றார்.

சார் முகத்தில் அப்படி ஒரு உற்சாகம். காகிதத்தை இழுத்துக்கொண்டார். பாய் விளக்கத் தொடங்கினார். கை பறந்தது. சார் வாயில் வழக்கம்போல அது வந்துவிட்டது: "கையைக் கட்டிண்டு சொல்லுங்கோ பாய்."

காதர் பாயின் கை காற்றிலேயே நின்றது. முகம் சிவந்தது. நாற்காலியிலிருந்து எழுந்தார்.

"இன்னா சார் சொன்னே? எங்க அத்தா நவாப் வூட்டு ஆளுங்க முன்னாலயே கை கட்டினதில்ல. துட்டு இல்லாம வந்துக்கினேன்னு என்ன கை கட்டி நிக்கச் சொல்றியா?"

கோணியைச் சுற்றினார், தோளில் ஏற்றினார், போய்விட்டார். மாடிப்படியில் அவர் இறங்கும் சத்தம் கேட்டது. தட்டில் மிச்சமிருந்த அரிசி படியெல்லாம் சிதறியிருந்தது.

சார் திகைத்துப்போய் என்னைப் பார்த்தார். "நான் என்ன சொல்லிட்டேன்?"

எனக்கு வந்ததே கோபம். "கையைக் கட்டுன்னா பள்ளிக்கூடம்னு உங்களுக்கு ஞாபகம் வரும் சார். அவருக்குப் பண்ணை வீட்டு வாசல் ஞாபகம் வரும்."

"நான் அப்படி நெனைச்சுச் சொல்லலியே."

"நீங்க நெனைக்கல. அவர் காதுல அப்படித்தான் விழுந்தது."

அன்று வந்த வேறு யாரிடமும் அவர் கையைக் கட்டச் சொல்லவில்லை.

மறுநாள் காலை நான் படியேறும்போது அவர் இறங்கி வந்துகொண்டிருந்தார். "வா, திருவல்லிக்கேணி போவோம்" என்றார். ஒரு வக்கீல் கட்சிக்காரரைத் தேடிப் பட்டறைக்குப் போவது அந்தக் காலத்தில் நடக்காத காரியம். டிராமில் ஏறினோம். வழியெல்லாம் அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்தார். என்ன சொல்லப்போகிறார் என்று எனக்குத் தெரியவில்லை. அவருக்கே தெரிந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன்.

காதர் பாய் பட்டறையில் உட்கார்ந்து ஒரு விளக்குக்கு அடிப்பாகம் பற்றவைத்துக்கொண்டிருந்தார். இடது கையில் இரண்டு தகரத்தையும் சேர்த்துப் பிடித்து, வலது கையில் சூட்டுக்கோல். எங்களைப் பார்த்தார். வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. ஈயம் உருகிக்கொண்டிருந்தது, கையை எடுக்க முடியாது.

சார் செருப்பைக் கழற்றினார். பட்டறை வாசலில், சந்தில் போவோர் வருவோர் பார்க்க, அல்பாக்கா கோட்டின்மேல் இரண்டு கையையும் கட்டிக்கொண்டு நின்றார். எதிர் பட்டறையில் சுத்தியல் சத்தம் நின்றது.

"நான் கட்டிண்டேன் பாய். நான் சொல்றேன். தப்பா இருந்தா திருத்துங்கோ. இது ஒரு சல்லடை..."

காதர் பாய் நிமிரவில்லை. "சல்லடை இல்ல."

"நீங்கதானே சல்லடை மெஷின்னு சொன்னேள்?"

"பேருக்குச் சொன்னேன். அதுல ஓட்ட கீதா சார்?"

சார் யோசித்தார். "இல்லை."

"ஓட்ட இல்லாத சல்லட எந்தூர்ல கீது?"

எதிர் பட்டறையில் சிரித்தார்கள். சாரும் சிரித்துவிட்டார், ஆனால் கட்டிய கையைப் பிரிக்கவில்லை. "அப்போ அது என்ன பண்றது?"

"கொழிக்குது" என்றார் காதர் பாய்.

அந்த ஒரு சொல்லில் எனக்குச் சகலமும் திறந்துகொண்டது. சின்ன வயதிலிருந்து அம்மா முறத்தை வைத்துக்கொண்டு புடைத்ததும் கொழித்ததும் பார்த்திருக்கிறேன். புடைத்தால் உமி பறக்கும். கொழித்தால் கல் ஒதுங்கும். இரண்டும் வேறு வேறு அசைவு.

"எப்படி?" என்றார் சார்.

காதர் பாயின் கை துடித்தது. காட்டவேண்டும் போலிருந்தது அவருக்கு. ஆனால் ஒரு கையில் தகரம், ஒரு கையில் சூடு. விட்டால் பற்று போய்விடும். ஆகவே வாயால் சொன்னார்.

"பக்கவாட்டுல ஒரு தள்ளு சார். தள்ளின சூட்டோட மேல் பக்கமா ஒரு வெட்டு. கனமானது அடியில போயி வரியில மாட்டிக்கும், வெட்டுற வெட்டுக்கு அடுத்த வரிக்கு ஏறிக்கும். லேசானது வரிக்கு மேலயே மெதந்துக்கினு கீழ எறங்கிடும். ரெண்டு அசைவும் ஒரே கைப்புடியில கீது. வரி எல்லார் வூட்டு அரிக்கஞ்சட்டிலயும் கீது. கொழிக்கிறது எல்லார் வூட்டு மொறத்துலயும் கீது. அரிக்கஞ்சட்டிக்குத் தண்ணி வோணும். மொறத்துக்கு எங்க வூட்டம்மா கை வோணும். ரெண்டும் இல்லாம நான் சேத்தேன். அவ்ளோதான்."

சொல்லி முடித்தபோது ஈயம் ஆறியிருந்தது. பாய் தகரத்தைக் கீழே வைத்துவிட்டு, தான் சொன்னதைத் தானே கேட்டவர் போல உட்கார்ந்திருந்தார். அரிக்கஞ்சட்டியை நான் தினமும் கையில் எடுத்தவள். அடியில் வரிவரியாக இருக்கும், அரிசியைப் போட்டுத் தண்ணீரில் அலசினால் கல் வரியில் தங்கும். அந்த வரி கல்லைத் தங்கவைக்கும் என்றுதான் உலகத்துக்குத் தெரியும். ஏறவைக்கும் என்று இந்த மனிதருக்குத் தோன்றியிருக்கிறது. இப்போது நினைத்தாலும் எனக்கு வியப்பு அடங்கவில்லை.

அதற்குப் பிறகு இருவரும் ஒரே பலகையில் உட்கார்ந்து டீ குடித்தார்கள். பழைய ஏஜெண்ட் போட்ட படங்களைப் பாய் எடுத்துவந்தார். சார் கையால் மூடிக்கொண்டே வந்தார். பெட்டி, கால், வில், குழி. "இது இல்லாட்டா?" என்று கேட்பதற்கு முன்பே பாய், "வேணாம்", "வேணாம்" என்று தள்ளினார். தானே செய்ததைத் தானே தள்ளினார். கடைசியில் வரித் தட்டும், அதை இரண்டு விதமாக அசைக்கும் ஒரு கைப்பிடியும் மட்டும் நின்றன. ஒரே விண்ணப்பம், ஒரே படம்.

பிறகு ஒரு தகராறு வந்தது. விண்ணப்பத்திலேயே அரிக்கஞ்சட்டியையும் முறத்தையும் சொல்லிவிட வேண்டும் என்றார் சார். பாய் பதறினார். "எல்லார் வூட்லயும் கீதுன்னு நாமளே எழுதிக் குடுத்தா எவன் சார் பேட்டன்ட் குடுப்பான்?"

"மறைச்சா அவா தேடிக் கண்டுபிடிச்சுக் கேப்பா. நாம பதில் எழுதுவோம். அவா திரும்பக் கேப்பா. உங்க மெஷின் அதுலதான் போயிடும் பாய். எது பழசுன்னு நாமளே சொல்லிட்டா, எது புதுசுன்னு அவாளுக்குத் தன்னால தெரியும். கேள்வியே வராது. நெஜம் சொன்னாச் செலவு கம்மி."

பாய் என்னைப் பார்த்தார். எனக்கும் பயமாகத்தான் இருந்தது. "சார் சொல்றபடி செய்யுங்க பாய்" என்றேன், எந்தத் தைரியத்தில் சொன்னேனோ.

கொழிப்பதற்கு இங்கிலீஷில் சொல் கிடைக்கவில்லை. இங்கிலீஷ்காரர்களுக்குப் புடைப்பதும் கொழிப்பதும் ஒரே சொல்தான், அதிலும் காற்றுத்தான் வேலை செய்யும். இந்தத் தட்டில் காற்றுக்கு வேலையே இல்லை. கல்கத்தா அதிகாரி அந்தச் சொல்லைப் பார்த்தால் விசிறி எங்கே என்று கேட்பார். சார் அகராதியை மூடிவைத்துவிட்டு, பாய் சொன்னதை அப்படியே, தள்ளு, வெட்டு, ஏற்றம், இறக்கம் என்று ஒரே வாக்கியமாக எழுதினார். காப்புரிமைச் சட்டத்தில் உரிமை கோருவதை ஒரே வாக்கியத்தில்தான் கோரவேண்டும். அன்று முழுவதும் அந்த ஒரு வாக்கியத்தை அடித்து அடித்து எழுதினார். ஒரு சொல் எடுத்தால் மெஷின் நிற்கும், ஒரு சொல் கூடினால் செலவு ஏறும் என்ற இடத்துக்கு அது வந்து சேர்ந்ததை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். ஒரு இயந்திரம் முழுவதும் மடங்கி ஒரு வாக்கியத்துக்குள் உட்கார்ந்துகொண்டது.

வெள்ளிக்கிழமைக்கு முன்பே சுருக்க விவரம் கல்கத்தா போய்ச் சேர்ந்துவிட்டது என்று தந்தி வந்தது. வெள்ளிக்கிழமை தி. நகரில் கடை வாசலில் கூட்டம் தாங்கவில்லை என்று கேள்விப்பட்டேன். கல் ஏறுவதைப் பார்த்துப் பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்களாம். முழு விவரத்துக்கு நான் அந்த ஒரே படத்தைத் துணியில் டிரேஸ் பண்ணினேன். என் வாழ்நாளில் அவ்வளவு குறைவான கோடும் போட்டதில்லை, அவ்வளவு பயந்தும் போட்டதில்லை.

பிறகு காத்திருந்தோம். தபால்காரர் படியேறும்போதெல்லாம், கேள்வி வந்துவிட்டதோ என்று நான் பேனாவைக் கீழே வைத்துவிட்டு வாசலைப் பார்ப்பேன். அரிக்கஞ்சட்டியைப் பற்றி எழுதியது தப்போ என்று சாருக்கும் உள்ளூர உதறல் இருந்திருக்கவேண்டும்; மூக்குக் கண்ணாடியை அடிக்கடி துடைத்தார். கடைசியில் கல்கத்தாவிலிருந்து வந்தது ஒரே ஒரு உறை. கேள்வி இல்லை. ஏற்றுக்கொண்டார்கள்.

சொல்லி அனுப்பியதும் காதர் பாய் வந்தார். தகரம் வளைக்கும் மெஷின் பட்டறையிலேயே இருந்தது, அதன் பக்கத்தில் இப்போது இன்னும் இரண்டு ஆட்கள் வேலை செய்தார்கள். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, எங்கள் மேசைக்கு முன்னால் நின்றார். உட்காரச் சொன்னோம், உட்காரவில்லை.

"அதுல இன்னா எழுதிக் கீதுன்னு படிச்சிக் காட்டும்மா" என்றார் என்னிடம்.

நான் அந்த ஒரே வாக்கியத்தைப் படித்துத் தமிழில் சொன்னேன். அவர் பட்டறையில் சொன்னதுதான். தள்ளு, வெட்டு, கனமானது ஏறுவது, லேசானது இறங்குவது. அவர் தலை குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். நான் நிமிர்ந்தபோது சார் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். சாரின் கண்ணில் நீர் தளும்பியது.

"பாய், கையைக் கட்டிண்டிருக்கேள்" என்றார் மெல்ல.

காதர் பாய் குனிந்து தன் கையைப் பார்த்தார். கட்டித்தான் இருந்தது. அவர் அதைப் பிரிக்கவில்லை.

"ஒனக்கு இல்ல சார்" என்றார். மேசைமேல் இருந்த காகிதத்தைத் தாடையால் காட்டினார். "அதுக்கு."